தள்ளுவண்டியோடு மட்டும் நடக்கிறவர்

என் வீட்டுக்காரர் நடிக்கிறார் என்பது எனக்கு உறுதியானது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, சூப்பர் மார்க்கெட்டில் சோப்புத்தூள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றபோது. கிழமையும் நேரமும் விடாமல் சொல்வது என் தொழில் பழக்கம்.

நான் ஒரு தையல் தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிற பெண்களைச் சோதித்து அனுப்புவது என் பொறுப்பு. பதினேழு வருஷ சர்வீஸ். எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், அத்தனை பேரையும் தடவிப் பார்க்க விடியவிடிய ஆகும். அதனால் நான் பையைப் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. முகத்தை வைத்து நடிக்க எல்லாருக்கும் தெரியும். நான் நடையைப் பார்ப்பேன். இடுப்பில் துணியைச் சுற்றி வருகிறவளுக்கு அடி குறுகிவிடும். செருப்புக்குள் எதையாவது பதுக்கியவள் குதிகாலை முழுசாக ஊன்ற மாட்டாள். நடை மாறுகிறவளை ஓரமாக நிறுத்திவிடுவேன். கேள்வி மட்டும் கேட்க மாட்டேன். எங்கள் வாசலில் முதல் விதியே அதுதான். கேட்டால் கதை கட்ட அவளுக்கு அவகாசம் கிடைத்துவிடும், அதனால் முதலில் சோதனை, பேச்சு எல்லாம் பிறகு. இத்தனை வருஷத்தில் நான் நிறுத்தி வெறுங்கையோடு போனவர்கள் நாலே பேர். தொழிற்சாலையில் எனக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்காரர் பெயின்டர். கட்டடங்களுக்கு உள்பக்கம் அடிக்கிறவர், அதிலும் மேல்கூரை என்றால் அவரைத்தான் தேடுவார்கள். இருபது வருஷம் ஏணியில் நின்று அண்ணாந்தபடியே சம்பாதித்த மனுஷன். போன வருஷம் வலது பிட்டத்திலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி வலி வந்து படுத்துவிட்டார். கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கண்ணைத் திறந்ததும் வலி போய்விட்டது என்றுதான் முதலில் சொன்னார். நான் வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அது நிஜமான வலி, நிஜமாகவே போனது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

சந்தேகம் வந்தது அப்புறம்தான். முதல் மாதம் காலில் எறும்பு ஊர்கிறது என்றார், பாதம் எரிகிறது என்றார், கெண்டைக்கால் தானாகத் துடிக்கிறது என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டோம். நசுங்கிக் கிடந்த நரம்பு விழித்துக்கொள்ளும்போது அப்படியெல்லாம் செய்யும், மரத்துப்போன இடம் கடைசியாகத்தான் சரியாகும், பொறுமையாக இருங்கள் என்றார். படித்தவர் சொன்னதால் நம்பினேன். அவர் சொன்னபடியே எறும்பு, எரிச்சல் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொன்னார்கள்.

நடையைக் கூட்டச் சொன்னதும் இவர் புதுக் கதை ஆரம்பித்தார். நடந்தால் ரெண்டு காலும் மணல் மூட்டை மாதிரி கனக்கிறதாம். ஆபரேஷன் செய்தது வலது காலுக்காக. இடது கால் எப்போது கூட்டுச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அறுபது அடி போவார், கால் இழுக்கிறது என்று யார் வீட்டுப் படியிலாவது உட்காருவார். ரெண்டே நிமிஷம், எல்லாம் சரியாகிவிடும். உட்கார்ந்தால் ஓடிப்போகிற வியாதி எனக்கும்தான் இருக்கிறது, நான் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவள்.

அதற்கப்புறம் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். மொட்டை மாடியில் துணி காயப்போடச் சொன்னால் நாலாவது சட்டைக்கே கால் நடுங்குகிறது என்று கீழே உட்கார்ந்துவிட்டார். ஆனால் மாடிக்கு ஏறும்போது ஒரு முனகல் இல்லை. மூன்று மாடியும் குனிந்த வாக்கில் விடுவிடுவென்று ஏறினார். இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, உலகத்துச் சோகத்தையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஏறுவது கஷ்டமா இறங்குவது கஷ்டமா என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நடிக்கிறவர் கொஞ்சம் யோசித்து நடிக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கீழ் வீட்டில் என் நாத்தனார் இருக்கிறார், இவருக்கு மூத்தவர். தம்பிக்கு வென்னீர் ஒத்தடம், தம்பிக்கு மெத்தென்ற தலையணை என்று ஏறி ஏறி வந்தார். நான் ஜாடையாகச் சந்தேகத்தைச் சொன்னதும், தன் தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். வாசலில் பிடிபட்ட எல்லாப் பெண்களுடைய அக்காக்களும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்கள் பக்க வாசலில் என்னோடு வேலை பார்க்கிறவருக்கு 'விசில்' என்று பெயர். அவரிடம் ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரரிடமே நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றார். இவ்வளவு வருஷம் வாசலில் நின்றும் இந்த ஆளுக்குத் தொழில் பிடிபடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் மேஸ்திரி போன் செய்தார். புதுக் கட்டடம், ஏழு மாடி, ஒன்றாம் தேதி ஆரம்பம். கூரை அடிக்க இவர்தான் வேண்டும், ஆனால் ஆபரேஷன் ஆனவர் என்பதால் ஏணி ஏறலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும் என்றார். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று இழுத்தார். அந்த இழுப்பைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. மனுஷனுக்கு உடம்பு வணங்கவில்லை, நாலு மாதம் உட்கார்ந்து சாப்பிட்ட சுகம் விடமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தச் சீட்டை நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஆதாரம் வேண்டும். செவ்வாய்க்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன், வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பி, தெரு முனையில் இருக்கும் போட்டோக் கடைக்குள் போய் நின்றேன். பதினொரு மணிக்கு இவர் கீழே வந்தார். படிக்கட்டு அடியில் இருந்த சைக்கிளை எடுத்தார். கைப்பிடி தாழ்வான பழைய சைக்கிள். ஏறி உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பையன் மாதிரி மிதித்துக்கொண்டு போனார். அறுபது அடி நடக்க முடியாத கால் சைக்கிள் மிதிக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் அடிக்கடி போவது பெரிய ரோட்டு சூப்பர் மார்க்கெட்தான் என்று தெரியும், குறுக்குச் சந்து வழியாக ஓடினேன். உள்ளே தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நடந்ததை என் கண்ணால் பார்க்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். தள்ளுவண்டிக் கம்பியில் ரெண்டு முழங்கையையும் ஊன்றி, அதன் மேல் கவிழ்ந்த மாதிரி, ஒவ்வொரு வரிசையாக உலாப் போனார். பிரஷ் விலை பார்த்தார். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூட உட்காரவில்லை. நடையில் இழுப்பும் இல்லை, நடுக்கமும் இல்லை, கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேட்டன. சோப்புத்தூளுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் கால் கடுத்தது.

சாயங்காலம் ஒன்றும் தெரியாதவளாக வீட்டுக்குள் நுழைந்தேன். சோபாவில் காலை மடக்கிப் படுத்திருந்தார். கடைக்குப் போய் வந்தவர், சைக்கிளை நிறுத்தின இடத்திலிருந்து நாத்தனார் வீட்டுக்கு நடந்து போனதில் கால் போய்விட்டது என்றார். கடையில் நாற்பது நிமிஷம் போகாத கால் நாற்பது அடியில் போயிற்றாம். யாருக்குக் காது குத்துகிறார் என்று நாக்கு நுனி வரை வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

தொழிற்சாலையில் திருட்டைப் பிடித்தால் சம்பவ அறிக்கை எழுதுவோம். நாள், நேரம், இடம், கண்டது. காணாததை எழுதக் கூடாது, அபிப்பிராயம் எழுதக் கூடாது. அந்தப் படிவத்தில் ஒன்றை எடுத்து, படிக்கட்டு, துணிக்கொடி, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றையும் எழுதினேன். எத்தனை அடியில் நின்றார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், எதைப் பிடித்திருந்தார் என்று ஒன்று விடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு மடித்துக் கைப்பையில் வைத்தேன். கட்டின புருஷனைப் பற்றி எழுதுகிறோமே என்று அப்போது ஒரு துளி உறுத்தல்கூட இல்லை.

சீட்டு வாங்கப் போன அன்றைக்கு டாக்டரம்மா அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். முட்டியில் சுத்தியலால் தட்டினார். குதிகாலால் நாலடி, விரல் நுனியால் நாலடி நடக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் இவர் பாஸ். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பரவாயில்லை டாக்டர், நடந்தால் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். வீட்டில் அத்தனை நாடகம் போட்டவர் டாக்டர் முன்னால் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் என்று எனக்குத் தோன்றியது. நர்ஸ் அவரை எடை பார்க்க வெளியே அழைத்துப்போனதும் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

"ஏணி ஏறலாம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர். அவருக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிறார். ஆதாரம் வச்சிருக்கேன்."

அறிக்கையை மேஜை மேல் வைத்தேன். டாக்டரம்மா முதல் ரெண்டு வரியைச் சிரித்துக்கொண்டே படித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தள்ளுவண்டியை எப்படிப் பிடித்திருந்தார் என்று கேட்டார், எழுந்து செய்தே காட்டினேன். சைக்கிள் கைப்பிடி எவ்வளவு உயரம், துணி போடும்போது கொடி தலைக்கு மேலே இருந்ததா, உட்கார்ந்தால் உடனே போகிறதா, நின்றுகொண்டே இளைப்பாறினால் போகிறதா என்று குறுக்கு விசாரணை செய்தார். என் ஆதாரத்தை இவ்வளவு மதிப்பவரைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

முதலில் ரெண்டு பாதத்திலும் விரல் வைத்து நாடி பார்த்தார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று, கூரை அடிக்கிறபோது நிற்பதைப் போல அண்ணாந்து லேசாகப் பின்னால் வளையச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அரை நிமிஷத்தில் அவர் நெற்றியில் வியர்வை. ஒரு நிமிஷத்தில் ரெண்டு தொடையும் உதற ஆரம்பித்தன. நிற்கும் விதத்தை வைத்து ஆளை எடைபோடத் தெரியும் என்று மார் தட்டிக்கொள்கிறவள் நான். அப்படி யாராலும் நடிக்க முடியாது. தோல் வெளுத்து, உதடு இறுகி, விழப் போனவரை நானும் நர்ஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். டாக்டரம்மா அவரை மேஜை மேல் கவிழ்ந்தாற்போல் சாயச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் உதறல் நின்றுவிட்டது.

பிறகு பொறுமையாக விளக்கினார். முதுகெலும்புக்கு நடுவில் நரம்புகள் இறங்குகிற பாதை ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஒரு எலும்பு மேலே இவருக்கு அந்தப் பாதை குறுகிப் போயிருக்க வேண்டும். நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும், குனிந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் தள்ளுவண்டியில் சாய்ந்தால் நடக்க முடிகிறது, சைக்கிளில் வலிக்கவில்லை, ஏறும்போது சும்மா இருந்து இறங்கும்போது இழுக்கிறது. பழைய ஸ்கேனில் அது லேசாகத்தான் தெரிந்தது, பெரிய வலி முன்னால் நின்றதால் இது பின்னால் ஒளிந்துகொண்டது. ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நரம்பு நிரந்தரமாகச் செத்துப் போகலாம் என்றார்.

"நடிக்கிறவங்களுக்கு இவ்வளவு சரியா நடிக்கத் தெரியாதும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி அறிக்கையைக் கையில் எடுத்து, போட்டோக் கடையிலிருந்து நான் கண்ட சைக்கிளையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்குக் கடையில் நாற்பது நிமிஷம் நடந்தீர்களா என்று அவரிடமே கேட்டார். அவர் என் கையெழுத்தைப் பார்த்தார், படிவத்தின் தலையில் அச்சடித்திருந்த தொழிற்சாலைப் பெயரைப் பார்த்தார். ஆமாம் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் எனக்கு அதே நினைப்புதான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்ட அந்தச் சீட்டு கிடைத்திருந்தால் ஒன்றாம் தேதி இவர் ஏணி உச்சியில் அண்ணாந்து நின்றிருப்பார். ஒரு நிமிஷம் போதுமாயிருக்கும்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவர்தான் ஆரம்பித்தார்.

"அன்னிக்குக் கடையில உன்னப் பார்த்தேன்."

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சோப்புத்தூளுக்குப் பின்னால. யூனிஃபார்ம் தெரிஞ்சுது. சரி, பார்த்துட்டா, வீட்டுக்கு வந்ததும் கேப்பான்னு நினைச்சேன். கேட்டா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே. டாக்டர்கிட்டயாவது."

"என்னன்னு சொல்றது? நடக்க முடியல, ஆனா வண்டியப் பிடிச்சா நடக்குறேன்னா? சைக்கிள் ஓட்டுறேன்னா? எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. புத்தி கெட்டுப்போச்சோன்னு பயமா இருந்துச்சு. கடைக்குப் போறதே அதுக்குத்தான். அங்க போனா மட்டும் முன்ன மாதிரி மனுஷனா நடக்குறேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "நீ டீ போட்டுக் குடுத்த. கேக்கவே இல்ல."

எங்கள் வாசலின் முதல் விதியை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? மன்னிப்பு கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது மன்னித்ததற்கா, போதும் நிறுத்து என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

ஸ்கேனில் டாக்டரம்மா சொன்னது அப்படியே இருந்தது. பத்தாம் நாள் ரெண்டாவது ஆபரேஷன். கால் பழையபடி ஆகும் என்று இந்தத் தடவை டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை, கனம் கொஞ்சம் தங்கினாலும் தங்கலாம், நடக்க ஆரம்பித்தால்தான் தெரியும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் என்னிடம் தண்ணீர் கேட்டார், மாத்திரை கேட்டார், மற்றபடி பேச்சில்லை. அவர் எழுந்து நடந்தால் என் கண் தானாகக் காலுக்குப் போகும். போனதும் அவர் நின்றுவிடுவார். என் பார்வையே ஒரு சோதனை மாதிரி அவரை உறுத்துகிறது என்று புரிந்தது. இனி இந்த மனுஷன் நடையைப் பார்ப்பதில்லை என்று எனக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். நாத்தனார் வந்தால் அவரைப் பிடித்து நடக்க வைப்பார், நான் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, டாக்டரம்மா சொன்னபடி தெரு முனை வரைக்கும் தனியாக, எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து நடந்து திரும்ப வேண்டிய நாள். செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் கொஞ்சம் நின்றார். போய் வருகிறேன் என்றார். சரி என்றேன். எங்கள் அடுக்களை ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்கத் தெரியும். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். போக அஞ்சு நிமிஷம், வர அஞ்சு நிமிஷம். பதினைந்து ஆயிற்று. இருபது ஆயிற்று. எங்காவது விழுந்திருப்பாரோ, யார் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்திருப்பாரோ, மறுபடியும் அதே கால்தானோ என்று நினைப்பு ஓடியது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் ஜன்னல். நான் நகரவில்லை.

அரை மணி ஆகப்போகும்போது கதவு திறந்தது. காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எங்கயாவது உட்கார்ந்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?"

"முனையில நின்னுட்டிருந்தேன்."

"எதுக்கு?"

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"நீ பின்னாடி வருவன்னு பார்த்தேன். போட்டோக் கடைக்குள்ளகூட எட்டிப் பார்த்தேன். சுவர் பக்கத்துலயே இருந்துச்சு, தொடல. பதினஞ்சு நிமிஷம் நிமிர்ந்தே நின்னேன். அத நீ பார்க்கணும்னு நினைச்சேன்."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் செருப்பைத் தேடினேன். இன்னொரு தடவை போக முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார், நம்பினேன். அவர் முன்னால் படி இறங்கினார், நான் பத்தடி விட்டுப் பின்னாலேயே போனேன். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் பாதித் தூரம் வரைக்கும் அவர் நடையை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை.